13 வயசுப் பையன், 13 செக், ஒரு கறுப்புக் குதிரை! தெரியுமா?

ராணியை எதிராளி வாயில் தூக்கிப் போட்டுவிட்டு ஆட்டத்தை ஜெயித்த பையனைத் தெரியுமா?

அவனுக்கு வயது 13! எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு 26! மொத்தம் 41 நகர்த்தல். அந்த ஒரே ஆட்டத்துக்கு ‘நூற்றாண்டின் ஆட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். அப்போது நூற்றாண்டு முடிய இன்னும் 44 வருஷம் பாக்கி இருந்தது! அதுவரை காத்திருக்கக்கூடப் பொறுமையில்லை, அவ்வளவு பரவசம்!

எந்த ஊர்? நியூயார்க். எந்த நாள்? 1956 அக்டோபர் 17. எந்த இடம்? மன்ஹாட்டனில் மேற்கு 10-வது தெருவில் இருக்கும் மார்ஷல் செஸ் கிளப். போட்டியின் பெயர் ரோசன்வால்ட் நினைவுக் கோப்பை. அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர்கள் 12 பேர். அந்தப் பன்னிரண்டில் ஒருவன்தான் பாபி ஃபிஷர்! அன்றைக்கு அவனுக்குப் பதிமூன்று வயதும் ஏழு மாதமும்!

இந்தப் பையன் செஸ் கற்றுக்கொண்டது எப்படித் தெரியுமா? குடியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு மிட்டாய்க் கடை. அங்கே வாங்கிய செஸ் செட். அப்போது அவனுக்கு ஆறு வயசு. கூட ஆடியது அக்கா ஜோன். விதிகளைச் சொல்லித்தர குரு யாரும் கிடையாது, பெட்டியோடு வந்த குறிப்பைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் ஆடினார்கள்! அங்கிருந்து ஏழே வருஷத்தில் ரோசன்வால்ட்!

சரி, அப்படிப்பட்ட ஆட்டம் ஆடியவன் அந்தப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! 11 ஆட்டத்தில் அவன் எடுத்தது வெறும் நாலரைப் புள்ளி! பட்டியலில் பாதிக்கும் கீழே! கோப்பையைத் தட்டிச் சென்றவர் சாமுவேல் ரெஷெவ்ஸ்கி. அவர் யார் தெரியுமா? எட்டு வயசிலேயே ஒரே நேரத்தில் பல பெரியவர்களோடு ஆடிக் காட்டி உலகத்தை வாய்பிளக்க வைத்தவர்! அந்தக் காலத்துக் குழந்தை மேதை கோப்பையோடு போனார். இந்தக் காலத்துக் குழந்தை மேதை ஒரே ஓர் ஆட்டத்தோடு போனான். இன்றைக்கு உலகம் எதைப் பேசுகிறது?

எதிராளி சாதாரண ஆளா? டொனால்ட் பைர்ன்! 1953-ல் அமெரிக்க ஓப்பன் சாம்பியன்! பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர்!

கல்கத்தாவில் பிறந்த தொடக்கம்!

பாபி அன்று ஆடிய ஓப்பனிங்கின் பெயர் குரூன்ஃபெல்ட். சூட்சுமம் இவ்வளவுதான்: பலகையின் நடுக்கட்டங்களை எதிராளிக்கே விட்டுவிடு! அவர் சிப்பாய்களை அங்கே கொண்டுவந்து கம்பீரமாக நிறுத்தட்டும். அப்புறம் ஓரத்திலிருந்து குடைந்து குடைந்து அந்த நடுவையே சரித்துவிடு! எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

இதை முதலில் ஆடியது யார்? பெயர் வைத்திருக்கும் குரூன்ஃபெல்ட்தானே? அங்கேதான் ஆச்சரியம்! அவர் ஆடுவதற்கு 67 வருஷத்துக்கு முன்பே ஓர் இந்தியர் ஆடிவிட்டார்! 1855 மே மாதம், கல்கத்தா. ஆடியவர் மகேஷ்சந்திர பானர்ஜி! எதிரே ஜான் கோக்ரேன் என்ற ஸ்காட்லாந்து பாரிஸ்டர். மூன்றாவது நகர்த்தலிலேயே இன்றைய குரூன்ஃபெல்ட் அச்சு அசலாகப் பலகையில் வந்துவிட்டது! ஜெயித்தது யார்? கோக்ரேன்!

அவருக்கு அந்த யோசனை எப்படி வந்திருக்கும்? நம் பழைய சதுரங்கத்தில் சிப்பாய் முதல் தடவையிலும் ஒரே ஒரு கட்டம்தான் நகரும், தெரியுமா? ஐரோப்பிய விதியில்தான் இரண்டு கட்டம் தாவும்! ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் பழகிய கை, பிஷப்பை ஓரமாக ஒளித்து வைத்துத் தூரத்திலிருந்து குறிபார்க்கும். இன்றைக்கு உலகமெங்கும் ‘கிங்ஸ் இந்தியன்’, ‘குயின்ஸ் இந்தியன்’, ‘நிம்சோ இந்தியன்’ என்கிறார்களே, அந்த ‘இந்தியன்’ எங்கிருந்து வந்தது? 1884-லேயே ‘இந்தியத் தடுப்பு’ என்ற பெயர் அச்சில் வந்திருக்கிறது. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை கோக்ரேனோடு பானர்ஜி ஆடிய ஆட்டங்கள்தான்! நியாயமாகப் பார்த்தால் குரூன்ஃபெல்டுக்கும் பானர்ஜி பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்டையும் குறைத்துச் சொல்ல முடியுமா? வியன்னாவில் 1893-ல் பிறந்தவர். ஏழைக் குடும்பம். சின்ன வயசிலேயே ஒரு காலை இழந்தவர்! இந்த ஓப்பனிங்கை 1922-ல் பெரிய போட்டிகளில் இறக்கினார். அதே வருஷம் வியன்னாவில் இதை வைத்து யாரைத் தோற்கடித்தார் தெரியுமா? பின்னாளில் உலக சாம்பியனான அலெக்சாண்டர் அலெகைனை! தோற்ற ஆத்திரத்தில் அலெகைன் தன் ராஜாவைத் தூக்கி அறைக்குக் குறுக்கே வீசியதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது!

இன்னொரு வேடிக்கை! பாபியின் ஆட்டத்துக்கு ‘நூற்றாண்டின் ஆட்டம்’ என்று பெயர் சூட்டியவர் ஹான்ஸ் க்மோக். ‘செஸ் ரிவ்யூ’ பத்திரிகையில் எழுதினார். அவர் பிறந்த ஊர்? அதே வியன்னா! குரூன்ஃபெல்டுக்கும் அவருக்கும் ஒரு வயசுகூட வித்தியாசம் இல்லை!

ஓப்பனிங்குகளுக்கெல்லாம் குறியீட்டு எண் கொடுக்கும் செஸ் கலைக்களஞ்சியத்தில் குரூன்ஃபெல்ட் குடும்பத்துக்கு எத்தனை எண் தெரியுமா? டி 70 முதல் டி 99 வரை, முழுசாக 30!

பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள்!

பைர்ன் முதல் நகர்த்தலில் குதிரையைத்தான் எடுத்தார். ஆட்டம் சுற்றி வளைத்து ஐந்தாவது நகர்த்தலில்தான் குரூன்ஃபெல்டுக்குள் நுழைந்தது. பத்து நகர்த்தல் வரை ஒன்றும் பெரிதாக இல்லை. பைர்னின் ராணி மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது: பி3, சி4, சி5! அவருடைய ராஜா இன்னும் பிறந்த வீட்டிலேயே, நடுவில், கோட்டை கட்டாமல். பதினோராவது நகர்த்தலில் ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட பிஷப்பையே மறுபடி நகர்த்தினார். ஒரே ஒரு சோம்பல் நகர்த்தல்!

அவ்வளவுதான்! பாபி ஒரு குதிரையை ஏ4 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தான். பலகையின் ஓரம்! வெள்ளைக் குதிரை ஒரே தாவலில் வெட்டிவிடலாம்! இலவசம்! ஆனால் வெட்டினால்? பைர்னின் மையச் சிப்பாய் போகும், ராஜாவுக்கு எதிரே வழி திறக்கும், இழந்த குதிரை வட்டியோடு திரும்பி வரும்! பைர்ன் யோசித்தார். வெட்டவில்லை. ராணியை ஏ3-க்கு இழுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வந்ததுதான் 17-வது நகர்த்தல்.

பாபியின் ராணியை பைர்னின் பிஷப் நேருக்கு நேர் தாக்கிக்கொண்டிருக்கிறது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? பதறிப்போய் ராணியை நகர்த்துவோம்! பாபி என்ன செய்தான்? ராணியைத் தொடவே இல்லை! வேறு எங்கோ இருந்த பிஷப்பை எடுத்து அமைதியாக இ6-ல் வைத்தான். ‘வேண்டுமானால் ராணியை எடுத்துக்கொள்ளுங்கள்!’

இந்த இடத்தில் நான் எத்தனை தடவை பலகையை நிறுத்திப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறிகிறது!

ராணிக்குப் பதில் பைர்ன் அந்த பிஷப்பை வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? ஐந்தே நகர்த்தலில் செக்மேட்! ராணி பி5-ல் செக். குதிரை இ2-ல் செக். குதிரை ஜி3-ல் இரட்டைச் செக். அப்புறம் ராணியையே எஃப்1-ல் கொண்டுபோய் பலி கொடுத்து, வெள்ளை யானையை அங்கே வரவைத்து, திரும்பவும் குதிரை இ2! தன் சொந்தக் காய்களே சுற்றி நெருக்கி நிற்க, ராஜா நகர இடமில்லாமல் சாகும் மூச்சடைப்பு மேட்! இந்த வகை மேட் எவ்வளவு பழசு? 1497-ல் ஸ்பெயினின் லூசேனா வெளியிட்ட புத்தகத்திலேயே இருக்கிறது! ஆக, 459 வருஷத்துப் பழைய கண்ணியை மறைத்து வைத்துவிட்டுத்தான் பையன் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருந்தான்!

பைர்ன் ராணியை எடுத்துக்கொண்டார். ஆரம்பித்தது சுழல்!

பிஷப் செக்! குதிரை செக்! குதிரை விலக, பின்னால் இருந்த பிஷப் செக்! மறுபடி குதிரை செக்! மறுபடி விலக, பிஷப் செக்! தொடர்ந்து ஐந்து செக்! வெள்ளை ராஜா பாவம், ஜி1-லிருந்து எஃப்1, எஃப்1-லிருந்து ஜி1 என்று ஊஞ்சல் ஆடியது! ஒவ்வொரு ஊஞ்சலிலும் குதிரை எதையாவது வாரிக்கொண்டது, அல்லது வாரிக்கொள்ள இடம் பிடித்தது.

சுழல் ஓய்ந்து, மிச்சத்தையும் வசூலித்து முடித்தபோது கணக்கு என்ன? கொடுத்தது ஒரு ராணி. வாங்கியது ஒரு யானை, இரண்டு பிஷப், ஒரு சிப்பாய்! பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் மதிப்புப்படி 9 கொடுத்து 12 வாங்கினான்!

இனி எண்ணுங்கள்!

இந்த ஆட்டத்தின் நகர்த்தல் குறிப்பை வரிசையாக எழுதி, ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு நான் எண்ணிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை, திரும்ப எண்ணினேன்!

பாபி அந்த ஆட்டத்தில் மொத்தம் எத்தனை செக் கொடுத்தான் தெரியுமா? கடைசி மேட்டையும் சேர்த்து 13! பையனின் வயசு 13!

அவனுடைய ராஜா பக்கத்துக் குதிரை, ஜி8-ல் பிறந்தது, ஆட்டம் முழுக்க எத்தனை முறை நகர்ந்தது தெரியுமா? அதுவும் 13! முதல் நகர்த்தலும் அதுதான், 40-வது நகர்த்தலும் அதுதான்! இடையில் அது வெட்டியது நாலு சிப்பாய், ஒரு யானை! ஒற்றைக் குதிரை ஐந்து காயை விழுங்கியிருக்கிறது! சி3 என்ற ஒரே கட்டத்துக்கு மட்டும் மூன்று தடவை வந்து போயிருக்கிறது!

பதிலுக்கு பைர்ன் கொடுத்த செக்குகள்? ஒன்றே ஒன்று! 29-வது நகர்த்தலில்!

வெள்ளை ராஜா எத்தனை முறை நடந்தது? 41 நகர்த்தலில் 14! மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே ராஜா ஓட்டம்தான்! கோட்டை கட்டியதா? கடைசிவரை இல்லை!

இதையும் கேளுங்கள்! எச்1-ல் இருந்த பைர்னின் யானை 27 நகர்த்தல் வரைக்கும் அசையவே இல்லை. 28-வது நகர்த்தலில் முதல் தடவையாக அடி எடுத்து வைத்தது. என்ன ஆச்சு? அடுத்த கணமே வெட்டுப்பட்டது! வாழ்நாளில் ஒரே ஒரு நகர்த்தல்!

வெள்ளை ராணி? 32-வது நகர்த்தலில் பி8-க்குப் போய் உட்கார்ந்தது. ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை! பலகையின் மேல் முனையில் ராணி, கீழ் முனையில் ராஜா. கடைசி ஏழு நகர்த்தலும் வரிசையாக ஏழு செக்! ஜி1, எஃப்1, இ1, டி1, சி1, பி1 என்று ராஜாவை ஆட்டுக்குட்டி மாதிரி ஓட்டிக்கொண்டே போகிறான் பையன்! கடைசிப் படத்தில் பாபியிடம் 10 காய். பைர்னிடம் 5. அந்த ஐந்தில் ஒன்று ராணி! ராணி உயிரோடு இருக்க, ராணி இல்லாதவன் மேட் கொடுக்கிறான்!

அப்புறம் 17! ஆட்டம் நடந்தது 17-ம் தேதி. ராணியைக் கொடுத்தது 17-வது நகர்த்தலில். ஃபிஷர் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் காலமானது 2008 ஜனவரி 17! அதே ரெய்க்யாவிக்கில்தான் 1972-ல் போரிஸ் ஸ்பாஸ்கியை வென்று உலக சாம்பியன் ஆனார்! கண்மூடியபோது வயது என்ன? 64. செஸ் பலகையில் எத்தனை கட்டம்?

நூற்றாண்டின் ஆட்டத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா?

15 மாதம் கழித்து, 14 வயசில், அமெரிக்க சாம்பியன்! 15 வயசில் கிராண்ட்மாஸ்டர், அன்றைக்கு உலகத்திலேயே மிக இளையவர்!

டொனால்ட் பைர்னுக்கு ஓர் அண்ணன் இருந்தார். ராபர்ட் பைர்ன். அவரும் பெரிய ஆட்டக்காரர்! தம்பியைத் தோற்கடித்த ஃபிஷரிடம் அண்ணனும் மாட்டினார்! 1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப். ஓப்பனிங்? குரூன்ஃபெல்டின் உடன்பிறப்பு, நியோ குரூன்ஃபெல்ட்! 21 நகர்த்தலில் கதை முடிந்தது! பக்கத்து அறையில் பார்வையாளர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர்களே ராபர்ட்தான் ஜெயிக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும் திகைத்துப்போனார்கள்! அந்தப் போட்டியில் ஃபிஷர் எடுத்த புள்ளி? 11-க்கு 11!

1962, பல்கேரியாவின் வார்னா. செஸ் ஒலிம்பியாட். அன்றைய உலக சாம்பியன் போட்வின்னிக்கும் ஃபிஷரும் வாழ்நாளில் மோதிய ஒரே ஆட்டம்! அதிலும் குரூன்ஃபெல்ட்தான்! போட்வின்னிக் வீட்டிலேயே தயாரித்துக் கொண்டுவந்த திட்டத்தை ஃபிஷர் பலகையிலேயே உடைத்தார். எத்தனையாவது நகர்த்தலில்? 17! இந்தத் தடவை ராணி நகர்த்தல்! போட்வின்னிக் போராடி டிரா செய்தார். அந்த முடிவாட்டத்தில் ஃபிஷருக்கு வெற்றி ஒளிந்திருந்ததா இல்லையா என்ற விவாதம் வருஷக்கணக்கில் ஓடியது. போட்வின்னிக் அதைத் தன் மாணவர்களுக்குப் புதிராகக் கொடுத்தார். டிராவுக்குப் புது வழி கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பையன். பெயர் கேரி காஸ்பரோவ். வயசு? 13!

நம் சென்னை விஸ்வநாதன் ஆனந்துக்கும் இந்த ஓப்பனிங்கோடு ஒரு கசப்பான கணக்கு உண்டு, தெரியுமா? 2010, சோஃபியா நகரில் டோபலோவுடன் உலக சாம்பியன்ஷிப். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் விமானங்களை நிறுத்திவிட, ஜெர்மனியிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியே போய்ச் சேர்ந்தார் ஆனந்த்! முதல் ஆட்டத்தில் எடுத்தது குரூன்ஃபெல்ட். 30 நகர்த்தலில் தோல்வி! ஆனால் கடைசி ஆட்டத்தில், அதுவும் கறுப்புக் காய்களோடு ஜெயித்து, ஆறரைக்கு ஐந்தரை என்று பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்!

ஃபிஷர் 1969-ல் எழுதிய புகழ்பெற்ற புத்தகம், ‘என் மறக்க முடியாத 60 ஆட்டங்கள்’. நூற்றாண்டின் ஆட்டம் அதில் எத்தனையாவது பக்கம்? எந்தப் பக்கமும் இல்லை! 60-ல் அதற்கு இடமே இல்லை! அண்ணன் ராபர்ட்டை வென்ற ஆட்டம் இருக்கிறது, தம்பி டொனால்டை வென்றது இல்லை! ஏன் விட்டார் என்று எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கடைசியாக ஒன்று. பெரிய ஆட்டக்காரர்கள் மேட் ஆகும்வரை உட்கார்ந்திருப்பதில்லை, தெரியுமா? தோல்வி உறுதி என்று தெரிந்ததும் கை கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பைர்னுக்கும் எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை! 13 வயசுப் பையன் இப்படியோர் ஆட்டம் ஆடியிருக்கிறான், அவன் கையாலேயே முடிக்கட்டும் என்று உட்கார்ந்தே இருந்தார். பி1-லிருந்து ராஜாவை எடுத்து சி1-ல் வைத்தார். பாபியின் யானை சி2-க்கு வந்தது. 13-வது செக்!